நாயை நாம் கூட்டிப் போகிறோமா, நாய் நம்மையா?



"எங்கள் லேபரடாரைக் காலையில் ஒரு சுற்று கூட்டிப் போய் வருவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடுகிறது. ஹார்னஸ் வாங்கலாமா, முகத்தில் மாட்டுகிற பட்டை வாங்கலாமா?" என்று ஒரு சகோதரி இப்பகுதியில் கேட்டிருந்தார். இரண்டு பேர் பதிலும் எழுதியிருந்தார்கள். ஒருவர், ஹார்னஸ் மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். இன்னொருவர், நாலு போடு போட்டால் தானே அடங்கி நடக்கும் என்றார். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. எங்கள் வீட்டில் இந்த ஒரு விஷயத்துக்காக ஆறு மாதம் அல்லாடியிருக்கிறோம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் இருப்பது கன்னி ஜாதி நாய். பெயர் கருப்பன். கோவில்பட்டிப் பக்கத்துச் சிநேகிதர் ஒருவர் என் மாமனாருக்குக் கொடுத்த குட்டி. கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்து அனுப்பியதால்தான் இந்த நாய்க்குக் 'கன்னி' என்று பெயர் வந்தது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று நம் தென் மாவட்டங்களுக்கே உரிய ஜாதிகளில் இதுவும் ஒன்று. ராஜபாளையத்துக்கு 2005-ல் தபால்தலையே வெளியிட்டார்கள். கன்னியும் சிப்பிப்பாறையும் முயல் விரட்டப் பழக்கப்பட்டவை. இன்றைக்கு வேட்டை சட்டப்படி குற்றம். ஆனால் அது நமக்குத் தெரியும், நாய்க்குத் தெரியாதே! தூரத்தில் எது அசைந்தாலும் அதற்குக் கால் துடிக்கும். எங்கள் ஊரிலோ ஆற்றங்கரைக்குப் போனால் மயில், வாழைத் தோட்டத்துப் பக்கம் போனால் ஆட்டுக் கூட்டம்.

மாமனார் இருந்தவரை கவலை இல்லை. அவர் ஒரு அதட்டல் போட்டால் நின்றுவிடும். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் காலமாகிவிட்டார். என் கணவர் தூத்துக்குடிக்குக் காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், திரும்ப இரவாகிவிடும். நான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பும் மும்முரத்தில் இருப்பேன். "அவர் வளர்த்த நாய், நானே கூட்டிட்டுப் போறேன்" என்று அத்தை சங்கிலியை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு வயது அறுபத்தாறு. ஒரு நாள் காலை சுவர் மேலிருந்து மயில் ஒன்று குதிக்க, இது பாய, சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்த அத்தை நடுத்தெருவில் குப்புற விழுந்தார்கள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. கண்ணாடி வளையல் உடைந்து கையைக் கிழித்தது தனி. ஆறு வாரம் மாவுக்கட்டு.

விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பேச்சு. "சவத்தைக் கொண்டுபோய்த் தோட்டத்துல கட்டிப் போடுங்க. வீட்டுல பொம்பளைங்க வளக்கக்கூடிய நாயா இது?" என்றார் மதினி. அத்தை வாயே திறக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். தோட்டத்தில் கட்டிப் போட்டால் அந்த நாய்க்குச் சாகும்வரை சங்கிலிதான். ஓடப் பிறந்த ஜாதி அது. அத்தைக்கும் அவர் ஞாபகமாக இருப்பது அது ஒன்றுதான். இதற்கு ஒரு வழி கண்டே ஆக வேண்டும் என்று எனக்குள் ஒரு வைராக்கியம் வந்துவிட்டது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாய் இழுப்பது திமிரினால் அல்ல. அதன் சாதாரண நடையே நம் நடையைவிட வேகம். அது இழுக்கிறது, நாமும் பின்னாலேயே ஓடுகிறோம், அது போக நினைத்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. 'இழுத்தால் கிடைக்கும்' என்று அதற்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது நாம்தான். கடையில் மிட்டாய்க்கு அழுத பிள்ளைக்கு ஒரு நாள் வாங்கிக் கொடுத்தால் மறுநாள் என்ன நடக்கும்? அதே கதைதான்!

கழுத்துப் பட்டையில் இழுத்தால் என்ன ஆகும் என்பது வீட்டிலேயே கேட்டது. கர்கர் என்று இருமும், கண் பிதுங்கும். அமெரிக்காவில் 2006-ல் கால்நடை மருத்துவர்கள் அளந்து பார்த்தார்கள். கழுத்துப் பட்டையோடு இழுக்கும் நாய்க்குக் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறியது. ஹார்னஸ் போட்டு இழுத்தபோது ஏறவில்லை. பிரிட்டனில் 2020-ல் செயற்கைக் கழுத்து ஒன்றைச் செய்து, அதில் பல வகைப் பட்டைகளை மாட்டி இழுத்துப் பார்த்தார்கள். இழுக்கிற நாய்க்குக் கெடுதல் செய்யாத கழுத்துப் பட்டை என்று எதையும் சொல்ல முடியவில்லை, அகலமானது, மெத்தை வைத்தது எதுவுமே. அப்படியென்றால் இழுக்க இழுக்க இறுகும் சுருக்குச் சங்கிலியையும், உள்பக்கம் முள் வைத்த பட்டையையும் பற்றி நான் சொல்லவே வேண்டாம். அவை வலியால் அடக்குபவை. வலி பழகிவிட்டால் அதற்கும் மேலே இழுக்கிற நாய்கள் உண்டு. மயிலைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்தில் குத்தினால், 'மயிலால்தான் குத்துகிறது' என்று நாய் நினைத்து இன்னும் வெறியாவதும் உண்டு.

சரி, ஹார்னஸுக்கு வருவோம். செய்தி கேட்டுச் சென்னையில் இருக்கும் என் கொழுந்தன் பாசமாக ஒன்று வாங்கி அனுப்பினார். சிவப்பு நிறம், மெத்தை வைத்தது, பார்க்க அத்தனை அழகு. கயிறு மாட்டும் வளையம் முதுகில் இருந்தது. மாட்டிக்கொண்டு போனால், ஐயோ, முன்பைவிட இரண்டு பங்கு இழுக்கிறது! இருமல் நின்றதென்னவோ வாஸ்தவம். ஆனால் இழுப்பது அதற்கு இப்போது சுகமாகப் போய்விட்டது.

யோசித்தால் இதில் ஆச்சரியமே இல்லை. மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். பாரத்தை இழுக்க வைப்பது நுகத்தடி, அது தோளில் கிடக்கும். திருப்புவதற்கு மூக்கணாங்கயிறு, அது முகத்தில். மூக்கணாங்கயிற்றில் வண்டியைக் கட்டி இழுக்கச் சொல்வார் யாராவது உண்டா? முதுகில் வளையம் வைத்த ஹார்னஸ் நாய்க்கு நுகத்தடி மாதிரி. உலகத்தில் பனிப் பிரதேசங்களில் நாய்க்கு ஹார்னஸ் மாட்டியதே வண்டி இழுக்கத்தானே! 1925-ல் அலாஸ்காவின் நோம் என்ற ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, இருபது வண்டியோட்டிகளும் சுமார் 150 நாய்களும் மாற்றி மாற்றி ஓடி, 674 மைல் தூரத்தை ஐந்தரை நாளில் கடந்து மருந்து கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்த நாய்கள் எல்லாம் மார்பில் பட்டை மாட்டித்தான் இழுத்தன. பாரம் மார்பிலும் தோளிலும் பரவுவதால் வலிக்காது, முழு பலத்தையும் போடலாம். அதையே வாங்கி மாட்டிவிட்டு 'இழுக்காதே' என்றால் நாய் என்ன செய்யும்? சிறிய நாய்க்கும், இழுக்காத நாய்க்கும், தொண்டையில் கோளாறு உள்ள நாய்க்கும் முதுகு வளையம் நல்லது. இழுக்கிற நாயை அது மட்டும் நிறுத்தாது.

நமக்கு வேண்டியது மார்புக்கு முன்னால் வளையம் வைத்த ஹார்னஸ். நாய் முன்னால் பாய்ந்தால் கயிறு மார்பைப் பக்கவாட்டில் திருப்பும். நாய் வளைந்து நம் பக்கம் பார்க்கும்படி ஆகும். நேர்க்கோட்டில் பலம் போட முடியாது. எங்கள் ஊரில் இது கிடைக்கவில்லை. புதிதாக வாங்குவானேன் என்று பை தைக்கிற கடையில் அந்தச் சிவப்பு ஹார்னஸையே கொடுத்து, மார்புப் பட்டையின் நடுவில் பட்டையை மடித்து ஒரு இரும்பு வளையத்தை நாலு வரிசைத் தையல் போட்டுத் தைத்து வாங்கினேன். முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. பாதி இழுப்பு குறைந்தது. மீதிப் பாதி பழக்கத்தால்தான் போயிற்று. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கன்னி, சிப்பிப்பாறை வைத்திருக்கும் தோழிகள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். இந்த ஜாதிகளுக்குத் தலை ஒடுக்கம். கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே சுற்றளவு. சாதாரணக் கழுத்துப் பட்டையைப் பின்னால் நகர்ந்தே கழற்றிவிட்டு ஓடிவிடும். ஹார்னஸிலிருந்தும் அப்படியே பின்வாங்கி உருவிக்கொள்ளும். மார்பு ஆழம், இடுப்போ ஒரு பிடி. அதனால் விலா எலும்புகள் முடிகிற இடத்துக்கு முன்னால் இன்னொரு பட்டை வைத்த ஹார்னஸ்தான் இவற்றுக்குச் சரி. இன்னொரு வழி, மார்ட்டிங்கேல் என்கிற பட்டை. அகலமான துணிப் பட்டையில் ஒரு சிறு சுருக்கு இருக்கும். தலை உருவாத அளவுக்கு மட்டும் இறுகி, அதற்கு மேல் இறுகாமல் நின்றுவிடும். வேட்டை நாய்களுக்கென்றே வெளிநாடுகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள். நான் இரண்டையும் மாட்டி, ஒரு சிறு வாரால் இணைத்துவிடுகிறேன். ஒன்று கழன்றாலும் மற்றது பிடிக்கும். பெரிய ரோட்டில் திருச்செந்தூர் பஸ் எந்த வேகத்தில் வருகிறது என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

இனி அந்தச் சகோதரி கேட்ட முகப்பட்டை. இது வாய்ப்பூட்டு அல்ல. பலர் அப்படி நினைத்து, 'கடிக்கிற நாயா?' என்று ஒதுங்கிப் போகிறார்கள். ஒரு பட்டை காதுக்குப் பின்னால், இன்னொரு பட்டை மூக்கின் மேல், கயிறு தாடைக்குக் கீழே. குதிரைக்கு மாட்டும் தலைக்கயிறு மாதிரிதான். தலை திரும்பினால் உடம்பும் திரும்பியாக வேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம். அத்தனை பெரிய குதிரையை ஒரு சிறுவன் நடத்திக் கூட்டிப் போகவில்லையா? இதையே நாய்க்குச் செய்து, பிரிட்டனில் ராஜர் மக்ஃபோர்டு என்ற விலங்கு மனோதத்துவ நிபுணர் 'ஹால்ட்டி' என்றும், அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவர் ஆர்.கே. ஆண்டர்சன், ரூத் ஃபாஸ்டர் என்ற பயிற்சியாளரோடு சேர்ந்து 1980-களில் 'ஜென்டில் லீடர்' என்றும் கொண்டுவந்தார்கள். மெலிந்த கை உள்ளவர்களுக்கு, வயதானவர்களுக்கு, தன்னைவிடக் கனமான நாயை வைத்திருக்கும் பெண்களுக்கு இதைவிடக் கட்டுப்பாடு தருவது வேறு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இருந்தாலும் கருப்பனுக்கு நான் இதை வாங்கவில்லை. காரணம், அவன் பாய்கிற ஜாதி. முழு வேகத்தில் பாயும்போது கயிறு தீர்ந்தால் தலை மட்டும் சுண்டித் திரும்பும், கழுத்து என்ன ஆகும்? முகப்பட்டை போட்டால் நாமும் வெடுக்கென்று சுண்டக் கூடாது, நீளக் கயிறும் மாட்டக் கூடாது. முகம் தட்டையான பக் போன்ற ஜாதிகளுக்கு இது நிற்கவே நிற்காது. மேலும் நாய்க்கு இது முதலில் சுத்தமாகப் பிடிக்காது. முன்னங்காலால் முகத்தைப் பிறாண்டும், தரையில் தேய்க்கும். வாங்கி வந்த அன்றே மாட்டித் தெருவுக்கு இழுத்துப் போவது பாவம். பட்டைக்குள் மூக்கை நுழைத்தால் ஒரு தின்பண்டம், நாளைக்கு ஒரு விநாடி கூடுதலாக, மறுநாள் கொக்கியை மாட்டி உடனே கழற்றி என்று ஒரு வாரம், பத்து நாள் வீட்டுக்குள்ளேயே பழக்க வேண்டும். மாட்டியபின் நாய் வாயை முழுதாகத் திறந்து மூச்சு வாங்க முடிகிறதா, தண்ணீர் குடிக்க முடிகிறதா என்று பாருங்கள். நம் ஊர் வெயிலுக்கு நாய் உடம்பைத் தணித்துக்கொள்வதே வாய் வழியாகத்தான்.

எதை மாட்டினாலும் நடை பழக்காவிட்டால் பணம் தண்டம். முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கயிறு விறைத்ததா, அப்படியே நின்றுவிடுங்கள். திட்ட வேண்டாம், இழுக்க வேண்டாம், அம்மிக்கல் மாதிரி நில்லுங்கள். நாய் திரும்பிப் பார்த்துக் கயிறு தொய்ந்ததும் நடங்கள். நம் கால் பக்கத்தில் வரும்போதெல்லாம் வாயில் ஏதாவது. நான் சூரை மீனை உப்புப் போடாமல் அவித்து, முள் இல்லாமல் உதிர்த்து ஒரு டப்பாவில் கொண்டு போவேன். முதல் வாரம் எங்கள் தெருமுனைக்குப் போகவே இருபது நிமிஷம் ஆனது. "என்ன மதினி, நாய்கூட நடக்கியளா, தெருவை அளக்கியளா?" என்று கேலி வேறு. மூன்றாவது வாரத்தில் விறைப்பு குறைந்தது. இரண்டாவது மாதம் ஆட்டுக் கூட்டத்தைப் பார்த்து நின்று, என் முகத்தைப் பார்த்தான். டப்பாவில் இருந்தது மொத்தமும் அன்று அவனுக்குத்தான்! வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பது முக்கியம். என் மகன் ஞாயிற்றுக்கிழமை அவனோடு ஓடிவிட்டு வந்தால் திங்கட்கிழமை எனக்குப் பழைய குருடிதான். அதனால் ஓட்டத்துக்கு முதுகு வளையம், நடைக்கு மார்பு வளையம் என்று பிரித்துவிட்டோம். நாய்க்கு அந்த வித்தியாசம் நன்றாகவே புரிகிறது, மகனுக்குத்தான் புரிய நாளாயிற்று.

மாவுக்கட்டுப் பிரித்து மூன்று மாதம் கழித்து, ஒரு நாள் அத்தையே வாசலில் வந்து நின்று, "அந்த வாரை எங்கிட்ட குடு, பாப்போம்" என்றார்கள். எனக்கு அடிவயிறு கலங்கியது. கூடவே போனேன். தேரடி வரை போய்த் திரும்பினோம். கருப்பன் ஒரு முறைகூட விறைக்கவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு முறை முண்டினான், இரண்டு முறையும் அத்தை நின்றார்கள், அவன் திரும்பிப் பார்த்தான். இப்போது காலையில் அவர்கள்தான் கூட்டிப் போகிறார்கள். சங்கிலியை எடைக்குப் போட்டுவிட்டோம். ஐந்தடி பருத்தி வார்தான். அதைக் கையில் சுற்றுவதே கிடையாது. நுனி வளையத்தில் பெருவிரலை மட்டும் நுழைத்து மடக்கிப் பிடிப்பதுதான். மீறி இழுத்தால் விட்டுவிடலாம், விழ வேண்டியதில்லை. சுருண்டு நீளும் டப்பாக் கயிறு வேண்டவே வேண்டாம். எப்போதும் விறைப்பாகவே இருக்கும் கயிறு அது, இழுக்கத்தான் பழக்கும். வைகாசியில் ஒன்பது கருட சேவை நடக்கும்போது அவனை வெளியே கொண்டுபோவதே இல்லை. அந்தக் கூட்டத்திலும் வேட்டுச் சத்தத்திலும் எந்தப் பட்டையும் உதவாது.

அளவு பற்றி ஒரு வார்த்தை. முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவை டெய்லர் டேப்பால் எடுங்கள். கழுத்து அடியையும் எடுங்கள். நாயின் எடையைச் சொல்லி வாங்கினால் நம் ஒல்லி நாய்களுக்குப் பொருந்தாது. மாட்டியபின் பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்று நுழைந்தால் தொளதொளப்பு. பட்டை அக்குளை ஒட்டி உராயக் கூடாது. மார்பில் ஆங்கில 'ஒய்' எழுத்து மாதிரி வருவது தோளைக் கட்டாது, குறுக்கே போவது கட்டும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். 2019-ல் நாய்களை நடக்க வைத்துச் சோதித்தபோது இரண்டு வகையுமே தோள் நீட்டலைக் குறைத்தன. ஆகவே பெயரைப் பார்க்காமல் உங்கள் நாய் தாராளமாகக் கால் எட்டி வைக்கிறதா என்று கண்ணால் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். நாள் முழுதும் மாட்டி வைப்பதற்கல்ல அது.

கேள்வி கேட்ட சகோதரிக்கு: உங்கள் லேபரடாருக்கு முதலில் மார்பு வளையம் வைத்த ஹார்னஸ். ஒன்றரை மாதம் மேலே சொன்னபடி நின்று நின்று நடங்கள். அப்படியும் உங்கள் தோள் தாங்கவில்லை என்றால் முகப்பட்டையைப் பொறுமையாகப் பழக்குங்கள், மூக்கு நீளமான ஜாதிதான், நிற்கும்.

எனக்கும் ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. கன்னிக்கு ரோமம் மிகக் குட்டை. சித்திரை வெயிலிலும் தூசியிலும் நைலான் பட்டை அக்குளில் உராய்ந்து தோல் சிவந்துவிடுகிறது. பழைய வேட்டித் துணியைப் பட்டையின் மேல் உறையாகத் தைத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை துவைத்துப் போடுகிறேன். ஓரளவு பரவாயில்லை, முழுக்கத் தீரவில்லை. இந்த ஜாதி வளர்க்கும் தோழிகள் யாருக்காவது வேறு வழி தெரிந்தால் எழுதுங்களேன்.

— ஒரு வாசகி, ஆழ்வார்திருநகரி.